ஏரிக்குப் போன நெருப்பு

அந்த வருஷம் தை மாதக் கடைசியிலேயே மலையில் புல் காய்ந்து வெளுத்துவிட்டது. என் மகளுக்கு அப்போது ஒன்றேகால் வயது. இந்த இரண்டையும் என்னால் தனித்தனியாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. இரண்டு வருஷமாக மழை இல்லை. என் கணவர் பாரஸ்ட் கார்டு. தொப்பூர் கணவாய்க்குக் கீழே மலையடிவாரத்தில் எங்களுக்குக் குவாட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, பின்னால் கொல்லை. கொல்லை வேலியைத் தாண்டினால் ஊர் ஏரி. பெயர்தான் ஏரி, உள்ளே தண்ணீர் இல்லை, கோரையும் நாணலும் இடுப்பளவுக்குக் காய்ந்து நின்றன. அந்தக் கரையிலிருந்து மலை தொடங்கியது.

மகளுக்குப் பிறந்த நாலாம் மாதத்திலிருந்து இளைப்பு. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ளே போகும். விடும்போது காய்ந்த சோளத்தட்டைக்குள் காற்று நுழைவதுபோல ஒரு சத்தம் வரும். தர்மபுரியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் குழந்தையின் முதுகில் காது வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "புகை ஆகாதும்மா. அடுப்புப் புகை, பீடிப் புகை, எந்தப் புகையும் ஆகாது. இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஜாக்கிரதையா பார்த்துக்கிட்டீங்கன்னா, வளர வளரத் தானா விட்டுடும்."

பரீட்சைக்குப் பாடம் படிப்பதுபோல அதை மனத்தில் வாங்கிக்கொண்டேன். வீடு வந்த அன்றே அடுப்பைக் கொல்லைக்கு மாற்றினேன். வெயிலிலும் காற்றிலும் அங்கேயே சமைத்தேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதை நிறுத்தினேன். கணவர் பீடியை விட்டார்; விட்டேன் என்று சொன்னார், நானும் நம்பினேன். அடுப்பைச் சுற்றித் தினமும் நாலடிக்குப் பெருக்கி, ஒரு சருகுகூட இல்லாமல் வைத்திருந்தேன். கார்டு வீட்டு அடுப்பிலிருந்து தீ பரவியது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். எல்லாவற்றையும் சரியாகச் செய்தால் எல்லாம் சரியாக நடக்கும் என்று அப்போது நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் நடந்தது.

மாசியில் மலை எரியத் தொடங்கியது. முதலில் ஓர் இடம், நாலு நாள் கழித்து இன்னோர் இடம், பிறகு ஒரே நாளில் மூன்று இடம். மலை தானாகப் பற்றிக்கொள்கிறது என்றுதான் நான் அரூரில் வளர்ந்தபோது கேட்டிருந்தேன், மூங்கிலோடு மூங்கில் உரசி. கணவர் சிரித்தார். "பத்து வருசமா மலையில சுத்தறேன். ஒரு மூங்கிலும் எனக்கு முன்னால உரசிக்கிட்டதில்ல. எல்லாம் மனுசன் வைக்கறதுதான்."

வைத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. இதை எழுதும்போதுகூட யார்மேலாவது கோபம் வருமா என்று பார்க்கிறேன், வரவில்லை. இலுப்பைப் பூ பொறுக்குகிறவர்கள், பூ உதிர்வதற்கு முன்னால் மரத்தடிச் சருகை எரித்தார்கள். தரை சுத்தமாக இருந்தால்தான் பூ கண்ணுக்குத் தெரியும். தேன் எடுக்கிறவர்கள் பந்தத்தைப் பாறையில் போட்டுவிட்டு இறங்கினார்கள். கணவாயில் ஏற முடியாமல் சூடேறி நின்ற லாரிக்காரர்கள், ரோட்டோரம் மூன்று கல் வைத்துச் சோறாக்கிச் சாப்பிட்டுவிட்டு, அணைக்காமல் வண்டியை எடுத்தார்கள். மாட்டுக்காரர்கள் பழைய புல்லை எரித்தார்கள்.

எங்களுக்குப் பால் கொடுத்தவரும் ஒரு மாட்டுக்காரர்தான். காலையில் செம்போடு வாசலில் வந்து நிற்பார். ஒருநாள் என் கணவர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து மேக்கால பள்ளத்துல யாருய்யா வெச்சது?"

"எந்தப் பள்ளங்க?"

"உனக்கு எந்தப் பள்ளம்னு தெரியாது. சட்டையில கரி ஒட்டியிருக்குது, அதுவும் தெரியாது."

அவர் சட்டையைப் பார்த்துக்கொண்டார். பிறகு செம்பை என்னிடம் நீட்டி, "அம்மிணி, நீங்களே சொல்லுங்க. பழைய புல்லு எரிஞ்சாத்தான் தூத்தல் விழுந்ததும் புதுப் புல்லு வரும். புதுப் புல்லு வந்தாத்தான் மாட்டுக்கு மடி எறங்கும். மடி எறங்குனாத்தான் பாப்பாவுக்குப் பாலு. நான் பாப்பாவுக்குத்தான் வெச்சேன்னு வெச்சுக்கங்களேன்" என்றார்.

கணவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் பாலை வாங்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு தீக்கும் ரேஞ்சர் ஆபீசுக்கு அறிக்கை போக வேண்டும். கணவர் எட்டாவது வரை படித்தவர், நான் எஸ்.எஸ்.எல்.சி. அதனால் எழுதுவது நான், கையெழுத்து அவர். எரிந்த இடம், பரப்பு, அணைத்த நேரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும்.

"தெரியவில்லைன்னு போடு."

"உங்களுக்குத்தான் தெரியுமே."

"எனக்குத் தெரியுது. அவன உள்ள தூக்கிப் போட்டுட்டா அவன் மாட்ட நீ மேய்க்கறியா?"

தெரியவில்லை என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். ரேஞ்சர் ஒருமுறை பாராட்டியதாகக் கணவர் வந்து சொன்னார்.

பங்குனியில் அவர் வீட்டில் தங்கியதே குறைவு. பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு தீயை அடிக்கப் போவார். கூட நாலு பேர் கூலியாட்கள் இருந்தால் அதிகம். ஒரு பக்கம் அணைத்துவிட்டுத் திரும்பினால் மறுபக்கம் புகை எழும்பும். புருவமெல்லாம் பொசுங்கி வருவார். குளித்துத் துணி மாற்றாமல் குழந்தையைத் தொட மாட்டார். குளிக்கத் தண்ணீர் இல்லாத நாட்களில் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். மகள் இரண்டு கையையும் அவர் பக்கமாக நீட்டிக்கொண்டே இருப்பாள்.

காலையில் புகை மலையிலிருந்து இறங்கி ஏரிப் பள்ளத்தில் தங்கும். வெயில் ஏறிய பிறகுதான் கலையும். அதுவரை கதவு ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத் துணியை அடைத்து, அவளை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நிமிர்த்தி வைத்தால் மூச்சு கொஞ்சம் இலகுவாகும். அவள் நிமிஷத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறாள் என்று எண்ணுவேன். எண்ணிக்கை கூடினால், தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணுவேன்.

அரூரிலிருந்து அம்மா கடிதம் எழுதினாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே வந்துவிடு என்று. பதிலை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். அவர் பொசுங்கிப்போய் வந்து நிற்கும்போது சோறு போட ஆள் வேண்டும். தீயோடு போராடுகிறவரைத் தனியாக விட்டுவிட்டுத் தாய் வீட்டுக்குப் போனாள் என்று பெயர் வரும். அவரிடம் கேட்டிருந்தால் போ என்றுதான் சொல்லியிருப்பார். அது தெரிந்துதான் நான் கேட்கவில்லையோ என்னவோ. கடைசியில் அம்மாவுக்கு, "அங்கும் மலைதானே, அங்கும் புகைதானே" என்று எழுதிப் போட்டேன். அரூரில் எங்கள் வீடு இருக்கும் தெருவிலிருந்து மலை எவ்வளவு தூரம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ரோட்டோரத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த பாயின் மனைவி மட்டும் முகத்துக்கு நேராகச் சொன்னார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏம்மா, உனக்குப் படிப்பு இருக்குது, புத்தி எங்க? அந்த மனுசனுக்கு நான் ஒரு வாய் சோறு போட மாட்டேனா? ரோட்டுல போற அத்தனை டிரைவருக்கும் போடறேன். நீ புள்ளயத் தூக்கிட்டு பஸ் ஏறு."

"வர்ற வாரம் போறேன்க்கா."

"போன வாரமும் இதையேதான் சொன்ன."

ஊரில் கிணறுகள் வற்றின. மாரியம்மன் கோயிலில் கூடிப் பேசிக் கொடும்பாவி கட்டுவதென்று முடிவு செய்தார்கள். மழை பெய்யாமல் தடுக்கிற பாவியை வைக்கோலால் பெண் உருவமாகச் செய்து, தெருத்தெருவாக இழுத்து, பிணத்துக்கு அழுவதுபோலப் பெண்கள் மார்பில் அடித்து அழுது, கடைசியில் எரிப்பார்கள். எரித்தால் பாவம் தீர்ந்து மழை வரும். படித்தவள் நான், நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. மழை வந்தால் மலை அணையும். மலை அணைந்தால் அவள் மூச்சு விடுவாள்.

அன்று பிற்பகல் மேளச் சத்தம் எங்கள் கொல்லைப் பக்கமாக வந்து நின்றது. வேலிக்கு வெளியே ஐம்பது அறுபது பேர். நடுவில் கயிறு கட்டிய கொடும்பாவி, கிழிந்த சிவப்புப் புடவையில், கரியால் வரைந்த பெரிய கண்களோடு.

"மூக்க எங்க காணம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"உன் மூக்குத்தான் ஊரு பூரா நொழையுதே, அதையே ஒட்டிக்கலாம்" என்றாள் இன்னொருத்தி. அழுது சிவந்த முகத்தோடு எல்லோரும் சிரித்தார்கள்.

ஊர்க்கவுண்டர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். நான் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வேலியருகே போனேன்.

"அம்மிணி, ஒரு ஒதவி. கொடும்பாவிக்குக் கொள்ளி வேணும். பொணத்துக்குக் கொள்ளி ஒரு வூட்டு அடுப்புல இருந்துதான் போவணும், தீப்பெட்டி கிழிக்கக் கூடாது. ஆனா பாவிக்குக் கொள்ளி குடுத்தா வூட்டுக்கு ஆகாதுன்னு ஊர்ல ஒருத்தியும் குடுக்க மாட்டேங்கறா."

"அப்ப எங்க வீட்டுக்கு மட்டும் ஆகுமாங்க?"

"உங்குளுது கவுருமெண்டு வூடுங்க. யாரு வூடும் இல்ல. பொதுவு. இன்னிக்கு நீங்க, நாளைக்கு வேற கார்டு. தோசம் தங்காது."

அது ஒரு நியாயமாகத்தான் பட்டது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பு வெளியில் இருந்தது; தணல் கண்ணுக்குத் தெரிந்தது; இல்லை என்று பொய் சொல்லவும் வழியில்லை. கணவர் கணவாயின் மேல்பக்கம் தீயணைக்கப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது.

"எங்க வெச்சு எரிப்பீங்க?"

"ஏரிக்குள்ளதாங்க. காலங்காலமா அங்கதான்."

"கோரை காஞ்சு நிக்குதே. காத்து வேற அடிக்குது. சுத்திலும் செதுக்கிட்டு, ரெண்டு குடம் தண்ணி பக்கத்துல வெச்சுக்கங்க."

"தண்ணியா?" என்றார் கவுண்டர். "ரெண்டு குடம் தண்ணி இருந்தா நாங்க எதுக்கு அம்மிணி கொடும்பாவி இழுக்கறோம்?"

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் ஓட்டைச் சட்டியில் நாலு கரண்டி தணலை அள்ளி, மேலே இரண்டு வரட்டித் துண்டை வைத்து, வேலிக்கு மேலாக நீட்டினேன்.

அவர்கள் ஏரி நடுவில் கொஞ்சம் செதுக்கத்தான் செதுக்கினார்கள். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லையிலிருந்து பார்த்தேன். ஒப்பாரி உச்சத்துக்குப் போயிற்று. வைக்கோல் பற்றியது. கொஞ்ச நேரத்தில் ஏரிக்குள் ஒரு சுழல்காற்று எழும்பியது, கோடையில் தினமும் பார்ப்பதுதான், சருகையும் மண்ணையும் சுருட்டிக்கொண்டு ஓடும். அது எரிகிற புடவையைத் தூக்கியது. சிவப்பாக அது மேலே போனதை எல்லோரும் தலை நிமிர்ந்து பார்த்தோம். மலைக்கரைப் பக்கம் நாணலில் போய் விழுந்தது.

ஊர்க்காரர்கள் ஓடினார்கள். தழை ஒடித்து அடித்தார்கள். அவர்கள் வேண்டுமென்று விடவில்லை, அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் தீ கரையைத் தாண்டி மலைப் புல்லில் ஏறியதும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். யாரோ ஒருவர் உரக்கச் சொன்னார்: "உடுங்கப்பா. மலை எரிஞ்சா மேகம் கூடும். நல்லதுதான்."

என்ன செய்திருக்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். குழந்தையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் கணவருக்குத் தகவல் சொல்ல வேண்டியது என் கடமை என்று தோன்றியது. அவர் இருந்த சரிவுக்குக் கீழேயே இந்தத் தீ ஏறிக்கொண்டிருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். காற்று திரும்பி, புகை முழுவதும் எங்கள் மேலேயே வந்தது. முந்தானையால் அவள் முகத்தை மூடினேன். மூடினால் மூச்சு முட்டுமே என்று எடுத்தேன். மறுபடி மூடினேன். பாய் கடையில் போய் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே மலைச் சரிவைக் கையால் காட்டினேன். பாய் மேலே போகிற ஒரு லாரியை நிறுத்தி, கார்டிடம் சொல்லச் சொல்லி அனுப்பினார். அக்கா குழந்தையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். அவர் ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மலை மூன்று நாள் எரிந்தது. கணவர் தப்பித்து மறுபக்கமாக இறங்கி வந்தார். கை இரண்டிலும் கொப்புளம். இரண்டாம் நாள் மதியம் வந்து உட்கார்ந்து, "அறிக்கை எழுதணும்" என்றார். ரேஞ்சர் ஆளனுப்பிவிட்டாராம்.

"எங்கிருந்து ஆரம்பம்னு போடட்டும்?"

"ஏரிக்கரை."

"தணல் நான்தான் குடுத்தேன்."

அவர் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும், திடுக்கிடவில்லை.

"வேற அடுப்பே கெடைக்கலயா அவுங்களுக்கு" என்றார். காகிதத்தை என் பக்கம் தள்ளி, "தெரியவில்லைன்னு போடு" என்றார்.

போட்டேன். எழுத்து எப்போதும் போல அழகாகவே வந்தது.

அன்று சாயங்காலமே அவளுக்கு உதட்டோரம் நீலம் பாரித்தது. பஸ் ஏறினோம். தர்மபுரிக்குப் போக வேண்டுமென்றால் கணவாய் ஏற வேண்டும். கணவாயில் இருபுறமும் எரிந்துகொண்டிருந்ததால் வண்டிகளை நிறுத்திவிட்டிருந்தார்கள். புகையில் முன்னால் நின்ற லாரியின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. கண்டக்டர் ஜன்னல்களைச் சாத்திவிடச் சொன்னார். ஒரு கிழவர் எழுந்து, தன் ஈரத் துண்டைப் பிழிந்து என்னிடம் கொடுத்தார். எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியாது. நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதைச் செய்தார்கள். இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் காலையில், நர்ஸ் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில், என் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே போய்விட்டாள். ஜன்னலுக்கு வெளியே புகையே இல்லை. சுத்தமான காற்று வந்துகொண்டிருந்தது.

பிறகு அந்த டாக்டரையே ஒருமுறை பார்த்துக் கேட்டேன், ஏரித் தீயின் புகைதான் காரணமா என்று. "எப்படிம்மா சொல்றது? அந்த மாசம் பூரா புகைதானே. சில குழந்தைங்களுக்கு எப்படி இருந்தாலும் கஷ்டம்தான்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். கணவாயில் எரிந்தது என் தணலா, லாரிக்காரர்கள் விட்டுப்போன அடுப்பா, மாட்டுக்காரர் என் மகளின் பாலுக்காக வைத்ததா? எல்லாப் புகையும் ஒன்றாகக் கலந்துதான் கீழே இறங்கியது. குற்றம் முழுவதும் என்னுடையது என்றால் தலையில் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவேன். அப்படியும் இல்லை, இல்லை என்றும் இல்லை. இப்போது எழுபதுகளில் இருக்கிறோம். எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. இன்னொரு குழந்தை இருக்கிறான், மூன்று வயது. அவனுக்கு மூச்சில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அவன் தூங்கும்போது நெஞ்சில் கை வைத்து எண்ணுகிறேன். மாசி பிறந்தால் மலை எரிகிறது. ஒரு வருஷம்கூட எரியாமல் இருந்ததில்லை.

அவளைப் புதைத்து மூன்று வாரம் கழித்து மழை வந்தது. நல்ல மழை, இரண்டு நாள் விடாமல். மூன்றாம் நாள் ஊரிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் தட்டோடு வந்தார்கள். வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு ரவிக்கைத் துணி. வாசலில் நின்றதும் இரண்டு பேர் அழுதார்கள். அவர்கள் அழுதது பொய்யில்லை. கொடும்பாவியின் மூக்கைக் கேட்டவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வூட்டு நெருப்பு ராசியான நெருப்புங்க. எந்த வூட்டுக் கொள்ளிக்கும் இந்த மாதிரி பேஞ்சதில்ல. ஆத்தா ஒண்ண எடுத்துக்கிட்டு ஊருக்கே குடுத்துட்டா. உங்க பாப்பாதாங்க மழையா வந்திருக்குது."

அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். அவளிடம் அதைவிட நல்ல வார்த்தை இல்லை. தட்டை வாங்கிக்கொண்டேன்.

அன்று பகல் முழுவதும் அதை நம்பிப் பார்த்தேன். சும்மா ஒரு பேச்சாக இல்லை, நிஜமாகவே முயன்றேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏரியில் தேங்கியிருந்த செம்மண் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, இதற்காகத்தான், இதற்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். ஏதோ ஒன்றுக்காகப் போனாள் என்றால் கொஞ்சம் சாப்பிடலாம் போல இருந்தது. ஒரு வாழைப்பழத்தை உரிக்கவும் உரித்தேன்.

சாயங்காலம் கணவர் வந்தார். பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னதாகச் சொன்னார்: மழை இங்கே மட்டும் இல்லை, அரூரில் நம்மைவிட அதிகமாம், பாப்பாரப்பட்டிப் பக்கம் அதற்கும் ஒருநாள் முன்னாலேயே பிடித்துக்கொண்டதாம்.

"அங்க கொடும்பாவி கட்டினாங்களாமா?" என்று கேட்டேன்.

"இல்லியே. ஏன்?" என்றார்.